திருப்தியை எந்த வாசலில் அளப்பது?

தேனியிலிருந்து குமுளி போகிற சாலையில் உத்தமபாளையத்தைத் தாண்டியதும் வருவது அனுமந்தன்பட்டி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமான வட்டாரம். இந்தப் பேரூராட்சியில் ஒருவருக்கு நாலாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை. அதற்குக் கேட்காவிட்டால் ஒரு தனியார் கிளினிக். பிறகு உத்தமபாளையம் ஜி.எச்., அல்லது கம்பம் ஜி.எச். அங்கே எழுதிக் கொடுத்துவிட்டால் தேனியையும் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேலே மதுரை பெரியாஸ்பத்திரி.

எந்தப் படியில் ஏறுவது, எதைத் தாண்டிப் போவது என்று வீட்டுத் திண்ணையில் பேச்சு நடக்கும்போது ஸ்கேன் மெஷினைப் பற்றியோ புதுக் கட்டிடத்தைப் பற்றியோ அதிகம் பேசமாட்டார்கள். "அங்க இப்ப யாரு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. "போன தடவை அந்த சிஸ்டரு நல்லாப் பாத்துச்சு." "அந்தாளு மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிறாரு." தீர்ப்பு இப்படித்தான் வருகிறது. இதில் டாக்டருக்கு இணையாக, பல நேரம் அவரை விட அதிகமாக, செவிலியரும் கம்பவுண்டரும் சீட்டு போடுகிறவரும் ஆயாம்மாவும் எடைபோடப்படுகிறார்கள். அரசின் அளவைகளோ பெரும்பாலும் டாக்டர் அறையின் வாசலிலும், நோயாளி வீடு திரும்பும் நாளிலும் நின்றுகொண்டு திருப்தியைத் தேடுகின்றன. தவறான வாசலில் நிற்கின்றன என்பது என் எண்ணம். சரியான வாசல் எது என்பதற்குத் தேனி மாவட்டத்திலேயே சான்றுகள் உண்டு.

முதலில் அளவையைப் பார்ப்போம். மத்திய அரசு 2016இல் 'மேரா ஆஸ்பத்தால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. மருத்துவமனைக்குப் போய்வந்தவரின் கைப்பேசிக்குச் செய்தி வரும். திருப்தியா இல்லையா என்று சொல்லலாம். இல்லையென்றால் ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சையின் தரம் என்று காரணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல முயற்சிதான். ஆனால் எதிர்பார்ப்பே இல்லாதவருக்கு ஏமாற்றமும் இருக்காது. அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய சிறு கட்டுரையில் இதைத் தொட்டார். ஆயுள் நீண்ட கேரளத்து மக்கள்தான் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. படிப்பும் ஆஸ்பத்திரியும் எட்டும் இடத்தில் இருப்பவருக்குத்தான் தனக்கு என்ன குறை என்பது தெரிகிறது. கம்பம் மெட்டில் ஏறி இறங்கினால் அந்தக் கேரளம் வந்துவிடும். ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் மலையேறுகிற பள்ளத்தாக்குப் பெண்கள் இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டுப் பேசுவதைக் கேட்டால், கைப்பேசிச் செய்தியால் எட்ட முடியாத விவரம் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளியைத் திருப்திப்படுத்துவது எளிது; அதற்கு மருத்துவமே வேண்டியதில்லை. நம் ஊர்களில் இதை எல்லோரும் அறிவார்கள். "ஊசி போடலையா டாக்டர்?" என்று கேட்கிறவருக்கு ஒரு ஊசி. உடம்பு அசதி என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக். நோயாளி மன நிறைவோடு போவார். போகிற வழியில் நாலு பேரிடம் கைராசிக்காரர் என்றும் சொல்வார். அமெரிக்காவில் 51,946 பேரின் விவரங்களை வைத்து ஜோஷுவா ஃபென்டனும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விபரீத எண்ணைக் கொடுத்தது. தங்கள் டாக்டரிடம் மிகவும் திருப்தி என்று சொன்ன கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைந்த திருப்தி சொன்ன கால்வாசிப் பேரை விட மருத்துவச் செலவும் கூடுதல், இறக்கும் வாய்ப்பும் 26 சதவீதம் கூடுதல். நோயின் கடுமையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் இது. திருப்திதான் கொன்றது என்று இதற்குப் பொருளில்லை. திருப்தியை மட்டும் வைத்து மருத்துவத்தை எடைபோடுவது ஆபத்து என்பதற்கு இது போதும்.

அப்படியானால் திருப்தியைத் தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது. திட்டு வாங்கிய கர்ப்பிணி அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டாள். அவமானப்பட்ட காசநோயாளி மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார். நான் கணக்கில் எடுக்கச் சொல்கிற திருப்தி வேறு வகை: பிடிக்காத செய்தியைச் சொன்னவரிடமே நோயாளி மறுபடியும் வருகிறாரா என்பது. இந்த வகைத் திருப்தி ஒரே நாளில் உருவாவதில்லை. அதை உருவாக்குகிறவர் பெரும்பாலும் டாக்டரும் இல்லை.

கிராம சுகாதார செவிலியரை எடுத்துக்கொள்வோம். ஊர் வாயில் அவர் 'நர்சம்மா'. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் 8,700க்கு மேற்பட்ட துணை நிலையங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவது, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகை எல்லாம் அவர் தலையில். தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைக்கு வந்துவிட்டன என்று பெருமையாகச் சொல்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 99.6 சதவீதம். அந்தக் கணக்கில் பெரும் பகுதி தெருத்தெருவாக நடந்த இவர்களுடைய கால்களின் கணக்கு.

ஆனால் இவர்களுக்கும் ஊருக்கும் இடையிலான உறவு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. 1996 ஏப்ரல் வரை குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு இருந்தது. ஆண்டுக்கு இத்தனை 'கேஸ்' பிடிக்க வேண்டும். நர்சம்மா தெருவில் நுழைந்தால் இரண்டு பிள்ளை பெற்றவள் கொல்லைப்புறமாக நழுவிவிடுவாள். அவர் கொண்டுவரும் மாத்திரைக்கும் தடுப்பூசிக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. இலக்கு நீக்கப்பட்ட பிறகும் அது கரைய வெகுகாலம் பிடித்தது.

அதே ஆண்டுகளில் அவர் கையிலிருந்த பதிவேடு வேறொரு வேலையும் செய்தது. பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டங்களாகச் சேலம், தருமபுரி, மதுரை ஆகியவை பேசப்பட்ட காலம் அது. தேனி அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. 1996இல்தான் தனி மாவட்டமானது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995ஆம் ஆண்டுப் பதிவுகளில் சில குழந்தை மரணங்களுக்குக் காரணம் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதப்பட்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் எழுதிய கட்டுரை இந்தப் பதிவுகளின் மேல்தான் நின்றது. பிறந்த மூன்றாம் நாள் பெண் குழந்தை 'பால் குடிக்காமல்' செத்துப்போனது என்று வீட்டார் சொல்ல, அப்படியே எழுதிக்கொள்ளாமல் வேறு வார்த்தையை எழுதிய செவிலியர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் யாரும் அவருடைய சேவையில் 'திருப்தி' என்று கட்டத்தில் டிக் அடித்திருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அதே தெருவில் இன்னொரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க அவர் போயாகவும் வேண்டும். சுகாதாரப் பணியாளரின் வேலை நோயாளியை மகிழ்விப்பதா, நோயாளியின் பக்கம் நிற்பதா என்று கேட்டால், இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு இரண்டாவதைத்தான் காட்டும். செத்துப்போன அந்தக் குழந்தையும் ஒரு நோயாளிதானே.

இன்றைய நர்சம்மாவின் சிக்கல் வேறு. கர்ப்பிணிகளின் விவரத்தை 2008இலிருந்து 'பிக்மி' என்ற இணையப் பதிவில் ஏற்றுகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவெண் வேண்டும். பணம் வரத் தாமதமானால், சென்னையில் எங்கோ சிக்கிய கோப்புக்கு வசவு வாங்குவது தெருவில் நிற்கிற நர்சம்மா. அவரிடம் இருக்கும் நேரத்தில் ஒரு பங்கைக் கணினி எடுத்துக்கொண்டது. மறுபக்கம், ஒரு கர்ப்பிணியும் கணக்கிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்ள அதே கணினிதான் உதவுகிறது. எது அதிகம் என்று துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

தேனி ஊருக்கு வருவோம். மதுரையில் 1976இல் பணி ஓய்வுக்குப் பிறகு பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1985இல் தேனியில் ஒரு மருத்துவமனை திறந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன நிலையில் கத்தி பிடிக்கப் பழகியவர் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அவர் கட்டிய அமைப்பில் என்னை ஈர்ப்பது இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பது முதல் அறுவை அரங்கில் நோயாளியைத் தயார் செய்வது வரை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். டாக்டர் இரண்டு மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குத் திரும்புவார். அதற்குள் முதல் மேசையில் அடுத்த ஆளை இந்தச் சகோதரிகள் தயார் செய்துவிடுவார்கள். நோயாளியோடு டாக்டர் இருக்கும் நேரம் குறைவு. மனிதர்களோடு நோயாளி இருக்கும் நேரம் அதிகம். கண்ணில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்று நடுங்குகிற கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் ஊர்ப் பேச்சிலேயே "ஒண்ணும் இல்ல பாட்டி, அசையாம இருங்க" என்று சொல்கிறவள் பக்கத்து ஊர்ப் பெண்.

இவ்வளவு இருந்தும் அரவிந்தே ஒரு கசப்பான உண்மையைச் சந்திக்க நேர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் முகாம்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்து ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். முகாம் இலவசம், அறுவையும் இலவசம். ஆனாலும் தொண்ணூற்று மூன்று பேர் வரவில்லை. பயம், வீட்டுப் பொறுப்பு, கூட வர ஆளின்மை, வயசாச்சு இனி என்னத்துக்கு என்ற எண்ணம். முகாமில் வந்தவரிடம் படிவம் நீட்டியிருந்தால் நல்ல மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். வராதவருக்குப் படிவம் கிடையாதே!

இந்தக் கணக்குக்குப் பிறகு முகாமை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. 2004இல் தேனி வட்டாரத்தில் 'பார்வை மையங்கள்' தொடங்கின. சுமார் 50,000 பேருக்கு ஒரு மையம், சிறு கடை அளவு இடம், அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவரும் ஓர் ஒருங்கிணைப்பாளரும். டாக்டர் தேனியில்; நோயாளி ஊரில்; நடுவே வீடியோ. அன்றைக்கு இணையம் இந்த ஊர்களில் ஆமை வேகம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு வந்து தொலைதூர வை-ஃபை இணைப்புகளைப் போட்டது. கோபுரங்கள் நட்டார்கள், ஒரு துணி ஆலையின் புகைபோக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரே தாவலில் 15 கிலோமீட்டர் வரை இணைப்பு போயிற்று. கருவிகள் கெட்டுப்போனதற்குக் காரணம் தேடியபோது கிடைத்தது மின்சாரம்: மின்னழுத்தம் சில சமயம் 500 வோல்ட்டையும் தாண்டி எகிறியிருந்தது. சின்னச் சின்னப் பழுதைச் சரிசெய்ய உள்ளூர் ஆட்களைப் பழக்கிய பிறகே இணைப்பு நிலைத்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரையில் இதை மறைக்காமல் எழுதினார்கள். தொழில்நுட்பத்தைக் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

பார்வை மையத்தில் டாக்டர் திரையில் தோன்றுவது சில நிமிடங்கள். மீதி எல்லாம் அங்கிருக்கும் பெண்தான். அவளே கண்ணைப் பரிசோதிக்கிறாள், டாக்டர் சொன்னதை விளக்குகிறாள், கண்ணாடி கொடுக்கிறாள். சொற்பக் கட்டணம் ஒரு முறை கட்டினால் மறுபடி வருவதற்கும் அது செல்லும். தேதி தவறினால் யார் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். சந்தையில் பார்த்தால் கேட்கவும் கேட்பாள். இன்று இத்தகைய மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அடுத்த முறையும் அதே முகம் இருக்கும் என்பது. திருப்தியை உண்டாக்குவது இனிய பேச்சு மட்டும் என்றால் பயிற்சி வகுப்பில் புன்னகைக்கக் கற்றுக் கொடுத்துவிடலாம். அதே ஆள் அங்கே இருப்பதற்குச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும்.

இந்த இடத்தில் அரசுத் துறை இடறுகிறது. 2015இல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியர்களுக்குத் தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். தேர்வு எழுதி, தகுதி பெற்று, இரவுப் பணி பார்க்கிறவருக்கு அது. கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31ஓடு முடித்துவைக்கப்பட்டது. வார்டில் நோயாளியின் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகியவர் போய், புதியவர் வருகிறார், அவரும் நிரந்தரமில்லை. சிடுசிடுப்பான செவிலியரைப் பற்றிப் புகார் சொல்வது எளிது, பல நேரம் நியாயமும்கூட. ஒரு வார்டுக்கு ஒருவர் என்று இரவெல்லாம் நிறுத்திவிட்டு அன்பை எதிர்பார்ப்பதில் நியாயம் குறைவு.

எல்லாவற்றையும் ஆள் பற்றாக்குறையின் மேல் போட்டுவிடவும் மனம் வரவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் குறைவு என்று கைநீட்டும் வழக்கத்தைப் பிரசவத்துக்குப் போன எந்தக் குடும்பமும் அறியும். மருந்து வாங்குவதில் 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்கிறது. மாத்திரை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்குத்தான் காசு. சின்னத் தொகைதான். ஆனால் ஊர் திரும்பியதும் முதலில் சொல்லப்படுவது அதுதான். இலவச மாத்திரையை யாரும் குறிப்பிடுவதில்லை. பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்று தமிழ்நாடு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அனுமதித்தது. அதற்குச் செலவும் இல்லை. அம்மாவோ அத்தையோ பக்கத்தில் நின்றால் திட்டும் குறைகிறது, பயமும் குறைகிறது. பிரசவ அறையில் சுலபமாகச் செய்யக்கூடிய சீர்திருத்தம் இதை விட வேறில்லை.

சிசேரியன் விஷயத்தில் திருப்தி மறுபடியும் வேடம் மாற்றுகிறது. அதே 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை வழியே, தனியாரில் 63.8, அரசில் 36. நல்ல நேரம் பார்த்து, வலி தெரியாமல் முடிந்த அறுவையில் குடும்பமும் நிறைவடைகிறது, மருத்துவமனையும் நிறைவடைகிறது. பொறுமையாகக் காத்திருந்து சுகப்பிரசவம் பார்க்கும் செவிலியரின் பத்து மணி நேரத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இனி வரும் காலத்தின் நோயாளி கர்ப்பிணியோ கண்புரை வந்தவரோ மட்டும் இல்லை. பிரஷரும் சுகரும் உள்ளவர். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயதுக்குள் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்கு. நீரிழிவில் 10.8. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆனாலும் நிலை இது. 'இப்பத்தான் நல்லா இருக்கே' என்று மாத்திரையை நிறுத்துகிறவர் திருப்தியோடுதான் நிறுத்துகிறார். உலகின் பல நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரத்தை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில் ஸ்வீடன் 22.5 நிமிடம், வங்கதேசம் 48 வினாடி, இந்தியா சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் வாழ்நாள் மாத்திரையின் அவசியத்தை யாராலும் விளங்கவைக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த வேலையைச் சுய உதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். சரியான ஆள், சரியான வாசல். இவர்களுக்கும் கொடுக்கப்படுவது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அனுமந்தன்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த ஏற்பாடு இன்னும் சரிவர எட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடிகிற நேரத்தில் மலையேறுகின்றன, திரும்புவது சாயங்காலம். ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம், நர்சம்மா தெருவுக்கு வரும் நேரம், தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரம் எல்லாம் அவர்கள் மலைமேல் இருக்கும் நேரம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். அதனால் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும் தனியார் கிளினிக்கும் அங்கே போடும் ஒரு ஊசியும். மாநகரங்களின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு ஏற்கெனவே நடத்திப் பார்த்திருக்கிறது. ஜீப் இறங்கும் ஊர்களில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு செவிலியரும் ஒரு மருந்தாளுநரும் உட்காரலாம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஆனால் மூன்று நாளும் அதே இருவராக இருக்க வேண்டும். மாலைப் பணிக்குத் தனிப்படியும், இரவில் வீடு திரும்ப வண்டியும் சேர்த்துத்தான் அந்த உத்தரவை எழுத வேண்டும்.